மாநாடு (திரைப்படம்)

மாநாடு 2021 ஆம் ஆண்டு நவம்பர் 25 அன்று வெளிவந்த தமிழ் அறிபுனைத் திகில் திரைப்படமாகும். வெங்கட் பிரபுவின் இயக்கத்தில் சுரேஷ் காமாட்சி தயாரித்த இப்படத்தில் சிலம்பரசன், எஸ். ஜே. சூர்யா, கல்யாணி பிரியதர்சன் ஆகியோர் நடித்துள்ளனர். இசை யுவன் சங்கர் ராஜா.

கதைச்சுருக்கம்

நண்பனின் காதல் திருமணத்துக்கு உதவ துபாயிலிருந்து கோயம்புத்தூருக்கு வரும் அப்துல் காலிக், முதலமைச்சரைக் கொல்லும் சதிக்குள் வலிந்து இழுக்கப்படுகின்றான். கால இயந்திரம் எதுவும் இதில் இல்லை. அவன் இறக்கும் ஒவ்வொரு முறையும் அதே நாள் அதே வானூர்தி இருக்கையில் மீண்டும் தொடங்குகின்றது. கொலையையும் அதனால் மூளக்கூடிய மதக்கலவரத்தையும் அவன் தடுத்தாக வேண்டும். சதிக்குத் துணைநிற்கும் காவல்துறை அதிகாரி தனுஷ்கோடியும் இதே காலச்சுழலில் சிக்கும்போது, நடக்கப்போவதை அறிந்தவர்கள் இருவராகின்றனர். படம் சூடுபிடிப்பதும் அதன் பின்னரே.

வெளியீடு

தீபாவளி வெளியீடாகத் திட்டமிடப்பட்டுப் பின்னர் தள்ளிப்போன இப்படம், திரையிடலுக்கு முதல்நாளும் ஒத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது; எனினும் குறித்த நாளிலேயே திரைக்கு வந்தது. ஒரே காட்சி சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருவதால், நிறுத்தியும் பின்னோக்கி ஓட்டியும் ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுத் திரை ஏற்றதாகும். முன்னர் இதற்கு இறுவட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மாநாடு 29 நாட்களிலேயே, 2021 டிசம்பர் 24 அன்று, சோனி லிவ் இணையச் சேவையில் வெளியிடப்பட்டது.