கல்லச்சுக் கல்லில் ஒரு ஓட்டக்காரன்

பவேரியாவின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் கூலிக்காரர்கள் தேடியது கல்லச்சுக்கு ஏற்ற வழவழப்பான பலகைகளை. அந்த வட்டாரப் பாறையில்தான் காம்ப்சோக்னாதஸ் என்ற சின்ன டைனோசரின் புதைபடிவம் கிடைத்தது. எந்தக் குழி என்று அதைச் சேகரித்த மருத்துவர் ஓபர்ன்டோர்ஃபர் சொல்லவில்லை, சேகரிப்பாளர் புத்தி! 1859இல் தொல்லுயிரியலாளர் வாக்னர் அதை விவரித்தார்.

ஏறக்குறைய 90 செ.மீ. நீள உருவம். தொடையைவிடக் கீழ்க்கால் நீளம், எலும்புகளில் உள்ளீடில்லை, முன்பாரத்தைச் சமன்செய்ய நீண்ட வால். ஓடவே பிறந்த உடம்பு.

எனக்குப் பிடித்தது அதன் வயிறு. உள்ளே இன்னொரு சின்ன எலும்புக்கூடு! தொல்லுயிரியலாளர்களில் 1881இல் மார்ஷ் அதைக் கரு என்றார். 1903இல் நோப்சா பல்லி என்றார். 1978இல் ஆஸ்ட்ரம் அதை உறுதிசெய்து, ஒருபடி மேலே போனார்: விழுங்கப்பட்டது பவாரிசாரஸ், அதுவே வேகமாக ஓடும் பல்லி என்றார். அதைப் பிடித்த காம்ப்சோக்னாதஸுக்குக் கூர்ங்கண்ணும் அதைவிட விரைந்த காலும் இருந்தாக வேண்டும்.