நாற்பத்தெட்டா, நாற்பத்தாறா?

எண்ணுதல் என்பது கல்விகளிலெல்லாம் எளிய கல்வி என்று நாம் கருதுகிறோம். குழந்தைக்கு நாம் முதலில் கற்பிப்பனவற்றுள் அதுவும் ஒன்று. ஆயினும், மனித உடலின் ஓர் உயிரணுவினுள் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்பதைப் பிழையின்றி எண்ணிச் சொல்வதற்கு, தேர்ந்த விஞ்ஞானிகளுக்கே ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவறான எண்ணையே சரியென்று பாடநூல்கள் அச்சிட்டு வந்தன. 48 என்பது அந்த எண். இன்று பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும் 46 என்பார். இரண்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நேயர்களுக்குத் தோன்றக்கூடும். ஒன்று கூடினாலே ஒரு குடும்பத்தின் வாழ்க்கை எவ்வாறு மாறிவிடுகிறது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

ஜெர்மனியில் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் வால்த்தர் ஃபிளெம்மிங் என்னும் உடற்கூற்றியல் பேராசிரியர் இருந்தார். துணிகளுக்கு நிறமேற்றுவதற்கென அக்காலத்தில் புதிதாக வந்திருந்த அனிலின் சாயங்களை அவர் சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் குஞ்சுகளுடைய உயிரணுக்களில் ஏற்றி, நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். உயிரணு பிளவுபடுங்கால், அதன் உட்கருவில் நூல்கள் போன்றவை தோன்றித் திரளுகின்றன. ஒவ்வொரு நூலும் நீளவாக்கில் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்தவை ஒன்று இம்முனைக்கும் ஒன்று அம்முனைக்குமாகச் செல்லுகின்றன. பின்னர் உயிரணு நடுவே இறுகி இரண்டாகிறது. தாய் அணுவில் இருந்த நூல்களின் தொகை குறையாமல் இரு சேய் அணுக்களுக்கும் கிடைத்துவிடுகிறது. இதனை அவர் 1882-இல் நூலாக வெளியிட்டார். கிரேக்க மொழியில் நூலிழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘மைட்டோசிஸ்’ என்று இந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டவரும் அவரே.

அந்த நூல்களுக்கு ‘குரோமோசோம்’ என்ற பெயரை 1888-இல் வால்டையர் என்பவர் சூட்டினார். ‘நிறமுள்ள உடல்’ என்பது பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: குரோமோசோமுக்கு இயற்கையாக நிறம் ஏதும் இல்லை, நாம் ஏற்றிய சாயத்தையே அது பற்றிக்கொள்கிறது. பார்த்தவன் பூசிய வண்ணம் பார்க்கப்பட்ட பொருளின் பெயராகிவிட்டது. தமிழில் நிறமூர்த்தம் என்றும் எழுதுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லின்பால் விருப்பம் உண்டு எனினும், நேயர்கள் பலர்க்கும் பழகியது குரோமோசோம் என்பதே. ஆகவே இங்கு அதனையே கையாளுகிறோம்.

இந்த உடல் எதனால் ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை, புரத உருண்டைகளின் மேல் சுற்றப்பட்டு, அச்சுற்றுகள் மேலும் மடிந்து மடிந்து இறுகியதே குரோமோசோம். ஓர் உயிரணுவில் உள்ள இழைகளை எல்லாம் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும் என்பர். பிளவுபடும் வேளையில் மட்டுமே இவை தடித்துத் தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படும். மற்ற வேளைகளில் சிக்குண்ட நூற்கண்டு போலத்தான் கிடக்கும். எண்ணுவதற்கு வாய்ப்பான தருணம் அவ்வளவு சிறிது.

அத்தருணத்திலும் தொல்லைகள் இருந்தன. பழைய முறைப்படி, உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றிப் பார்த்தனர். கத்தி ஓர் உயிரணுவையே இரண்டாக அரிந்துவிடும். அரியாமல் விட்டாலோ குரோமோசோம்கள் விறகுக் கட்டைகள் போல ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். 1912-இல் பெல்ஜியத்து வினிவார்ட்டர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்றார். பின்னர் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோஃபிலஸ் பெயிண்டர், அங்கிருந்த மனநோய் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளிடமிருந்து பெற்ற விந்தகத் திசுவை ஆராய்ந்தார். மிகத் தெளிவான அணுக்களில் 46 மட்டுமே தென்பட்டதாக 1921-இல் அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் 1923-இல், ஐயத்தை விடுத்து 48 என்று முடிவு கட்டினார். பெயிண்டர் பெரிய அறிஞர். அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அதன்பின் பார்த்தவர்கள் பலரும் 48-ஐயே கண்டனர். ஸ்வீடன் நாட்டில் மனிதக் கருவின் ஈரல் அணுக்களை எண்ணிய ஒரு குழுவினர், எத்தனை முறை எண்ணியும் 46-க்கு மேல் அகப்படாமையால், தம்முடைய முறையில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்தனர். இந்த வரலாறு முழுவதிலும் நமக்கு மிகவும் இரக்கம் தரும் பகுதி இதுவே. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் அதைத் தேடினார்கள்.

இச்சிக்கல் அவிழ இரண்டு உதவிகள் வாய்த்தன. ஒன்று தண்ணீர். 1952-இல் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகர ஆய்வுக்கூடத்தில் டி. சி. சூ என்னும் சீன விஞ்ஞானி ஒரு நாள் நுண்பெருக்கியில் நோக்கியபோது, குரோமோசோம்கள் கோலம்போலத் தனித்தனியே விரிந்து கிடக்கக் கண்டு வியந்தார். உப்புக் கரைசலில் யாரோ கைத்தவறுதலாகத் தண்ணீரை மிகுதியாகச் சேர்த்துவிட்டனர்; அணுக்கள் நீரை உறிஞ்சி உப்பியதால் குவியல் கலைந்தது. அவ்வாறு தவறியவர் இன்னார் என்பது இறுதிவரை தெரியவில்லை. இதைவிட வியப்பு, அவ்வளவு தெளிவாகக் கண்ட பின்னும் சூ அவர்கள் 48 என்றே எழுதியது.

மற்றொன்று கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள். உயிரணுப் பிளவை நடுவழியில் நிறுத்திவிடும் ஆற்றல் இதற்கு உண்டு. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் ஒருவகைக் கிழங்குச் செடியிலிருந்து இதனை எடுத்தனர். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே நஞ்சு உண்டு. தமிழகத்தில் விதைக்காகவே காந்தளைப் பயிரிடும் உழவர்கள் இருக்கிறார்கள்.

இவ்விரண்டையும் ஒருங்கே பயன்படுத்தியவர் ஜாவாத் தீவில் 1919-இல் பிறந்த ஜோ ஹின் சியோ. வேளாண்மை கற்றவர், போர்க்காலத்தில் ஜப்பானியரின் சிறையில் வாடியவர். ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் ஆல்பர்ட் லெவான் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், மனிதக் கருவின் நுரையீரல் அணுக்களை வளர்த்து, 1955 டிசம்பர் 22 அன்று அவர் எண்ணினார். 46 இருந்தன. மீண்டும் எண்ணினார். இருநூற்றுக்கு மேற்பட்ட அணுக்களை எண்ணியும் ஒரு சிலவற்றைத் தவிர அனைத்திலும் அதே விடைதான். 1956-இல் கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ஃபோர்டு, ஹாமெர்ட்டன் என்ற இருவர் அதனை உறுதி செய்தனர். சியோ, லெவான் ஆகிய இருவருமே செடிகொடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பழகியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அத்துறையில் நம் நாட்டினர் பின்தங்கியிருக்கவில்லை. தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். எண்ணிக்கை மிகுதியானால் உயிர் உயர்ந்தது என்று நினைத்துவிடலாகாது. உருளைக்கிழங்குக்கு 48, சிம்பன்சிக் குரங்குக்கும் 48. நம் காடுகளில் திரியும் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 மட்டுமே. தென்னிந்தியாவில் வளரும் ஒரு சிறு பெரணியினத்திலோ 1,260 வரை எண்ணியிருக்கிறார்கள்.

இனி, எண்ணியதன் பயனுக்கு வருவோம். இங்கிலாந்தில் மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் ஒன்றின் மருத்துவராயிருந்த லாங்டன் டவுன், சில குழந்தைகளிடம் ஒத்த முகச்சாயல் இருப்பதை 1866-இல் விவரித்தார். கூர்ந்த கண்ணுடைய அவர், அக்காலத்து இனக்கொள்கையில் சிக்கி, அச்சாயல் மங்கோலிய இனத்தாருடையது என்று எழுதினார். அதனால் அக்குழந்தைகளுக்கு ‘மங்கோல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் என்ன? பெற்றோரின் காசநோய் என்றார் டவுன். மேகநோய் என்றனர் பிறர். குடி என்றனர் வேறு சிலர். குறையோடு குழந்தை பிறந்தால், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று பெற்றவளைக் குறைகூறும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் மறையவில்லை. எந்த நாட்டிலும் பழி தாயின் வாசலில்தான் வந்து நின்றது.

பாரிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர், அமெரிக்காவில் கற்ற அணு வளர்ப்பு முறையைக் கொண்டு ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தாமே உருவாக்கினார். கண்ணாடிக் கலங்களைச் சொந்தக் கடனில் வாங்கினார். அணுக்களுக்கு ஊட்ட வேண்டிய ஊனீருக்காகத் தம் இரத்தத்தையே எடுத்தார். ஒரு சேவலையும் வளர்த்தார். 1958-இல் இக்குழந்தைகளின் அணுக்களில் 46-க்கு மேல் ஒரு சிறு குரோமோசோம் இருக்கக் கண்டார். படமெடுக்கும் கருவி அவரிடம் இல்லை. படமெடுக்கவென்று தகடுகளை ழெரோம் லெழேன் என்பவர் கொண்டு சென்றார். 1959 ஜனவரியில் வந்த கட்டுரையில் லெழேனின் பெயர் முதலில் நின்றது. கோத்தியேயின் பெயர் நடுவில், அதுவும் பிழையாக அச்சாகியிருந்தது. புகழ் முழுதும் லெழேனையே சென்றடைந்தது. கோத்தியேயின் பங்கு முதன்மையானது என்பதை 2014-இல்தான் பிரெஞ்சு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அறநெறிக்குழு எடுத்துரைத்தது. அவர் 2022-இல் காலமானார். லெழேனின் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் இந்த வரிசை நேர்மையானதன்று என்பதே நம் கருத்து.

கூடுதலாக நின்றது 21-ஆம் குரோமோசோம். அது எப்படி வருகிறது? கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை பிரிந்து 23 ஆகக் குறையவேண்டும். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே இப்பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் காத்திருந்து, பின்னரே முடிக்கின்றன. அவ்வளவு காலம் பற்றியிருந்த பிடி சில சமயம் பிசகி, ஓர் இணை பிரியாமலே ஒருபுறம் சென்றுவிடுகிறது. தாயின் வயது ஏற ஏற இது மிகும் என்பதைப் பென்ரோஸ் 1933-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 40 வயதில் ஏறத்தாழ நூறு பிறப்புக்கு ஒன்று. சில குழந்தைகளில் இப்பிசகு தந்தையின் வழியாகவும் நேர்கிறது. எவ்வாறாயினும், கருவுற்ற பின் தாய் உண்டதோ, நடந்ததோ, கிரகணத்தைப் பார்த்ததோ இதற்குக் காரணமன்று. கரு உருவாகும் முன்பே பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்ட செய்தி இது.

அதே 1959-இல், பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறையும் டர்னர் நிலையும், ஆணுக்கு ஒன்று மிகும் கிளைன்ஃபெல்டர் நிலையும் விளங்கின. மறு ஆண்டு இரத்தப் புற்றுநோய் ஒன்றிலும் குரோமோசோம் மாற்றம் காணப்பட்டது. குரோமோசோம்களைப் பருமன் வரிசையில் எண்ணிட்டனர். உள்ளபடியே மிகச் சிறியது 22 அன்று, 21 தான் என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் அந்த எண் இக்குழந்தைகளோடு பிணைந்துவிட்டதால் வரிசையை மாற்றவில்லை.

மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் உலகச் சுகாதார நிறுவனத்திடம் 1965-இல் வேண்டிக்கொண்ட பின், அந்நாட்டு மக்களின் பெயர் இக்குழந்தைகள் மேலிருந்து நீக்கப்பட்டது. டவுன் சிண்ட்ரோம் என்பது இன்று வழங்கும் பெயர். தமிழில் ‘டவுன் நோய்த்தொகை’ என்றும் ‘நோய்க்குறி’ என்றும் எழுதுகிறார்கள். மருத்துவச் சொல்லாக்கத்தில் அது பிழையன்று. ஆயினும், மருந்துண்டு தீர்வதற்கும் பிறர்க்குத் தொற்றுவதற்கும் உரியதல்லாத ஒன்றை, மடியில் குழந்தையுடன் கேட்டுக்கொண்டிருக்கும் தாயிடம் நோய் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. வேறு நல்ல சொல் ஒன்று நேயர்களிடமிருந்து வரும் வரையில், ‘டவுன் நிலை’ என்றே நாம் எழுதி வருகிறோம்.