இரட்டைக்குழல் துப்பாக்கி: மேலே கடைக்காரர் பெயர், அடியில் ஜாதகம்

சேலம், நாமக்கல் பக்கம் பழைய பெரிய வீட்டில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தால், அதைப் பற்றிச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். "இது லண்டன் துப்பாக்கி, வித்தால் லட்சக்கணக்கில் போகும்!" பல நேரங்களில் இதில் லண்டனும் தப்பு, லட்சமும் தப்பு. துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

முதலில், அது இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கம்பெனியார் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் நிலத்தை "மிட்டா" என்று பிரித்து, வரி கட்டும் பொறுப்பை மிட்டாதார்களிடம் விட்டார்கள். தெற்கே பாளையக்காரர்களை அடக்கிய கையோடு 1801-ல் ஆயுதங்களைப் பறிக்கும் உத்தரவும் வந்தது. பிறகு லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு! ஆக, சமவெளியில் இரட்டைக்குழல் என்பது சர்க்காருக்கு வேண்டிய மிட்டாதார், பெரிய பண்ணைக்காரர் போன்றவர்களின் அந்தஸ்துப் பொருள். ஏற்காட்டுக் காபித் தோட்டத் துரைமார்களிடமும் இருந்தது. மலைவாழ் மக்களிடம் இருந்ததோ வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. இரண்டும் வேறு வேறு உலகம்.

இனி அடையாளம். இரண்டு குழல்களுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் ஒரு பெயர் செதுக்கியிருக்கும். அதைத்தான் எல்லோரும் தயாரித்தவர் பெயர் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் அது விற்றவர் பெயர். மதராஸ் மவுண்ட் ரோட்டுக் கடிகாரக் கடை பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது, தன் பெயரையும் பொறித்தது. கடிகாரம் செய்தவர்கள் துப்பாக்கியும் செய்தார்கள் என்று நினைத்தால் அது வேடிக்கைதான். கல்கத்தாவின் மாண்டன், ராடா கம்பெனிகளும் இதே மாதிரிதான். (1914 ஆகஸ்டில் வங்காளப் புரட்சிக்காரர்கள் 50 மவுசர் பிஸ்டல்களைக் கடத்திக்கொண்டு போனது இந்த ராடா கம்பெனிக்கு வந்த சரக்கில்தான்.) துப்பாக்கியைச் செய்தது பெரும்பாலும் பர்மிங்காமில் பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறை.

குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் குட்டி குட்டி முத்திரைகள் தெரியும். அதுதான் துப்பாக்கியின் ஜாதகம். அளவுக்கு மீறிய மருந்து வைத்துச் சுட்டும் வெடிக்காத குழலுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலை குத்தும் முத்திரை அது. பர்மிங்காம் சாலை 1813-ல் தொடங்கியது. கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல்கள் இருந்தால் 1904-க்கு முந்திய பர்மிங்காம். கிரீடத்தின் கீழ் 'பி.வி.', 'பி.பி.', 'என்.பி.' எழுத்துகள் இருந்தால் அதற்குப் பிந்தியது. முட்டை வடிவ வளையத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்று இருந்தால் வாதமே வேண்டாம், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சரக்கு. பிரபல இங்கிலீஷ் பெயர்களைக் கொஞ்சம் மாற்றிப் பொறித்து மலிவாக ஏற்றுமதி செய்ததில் அந்த ஊர் கெட்டிக்கார ஊர்!

வெளியே இரண்டு "குதிரை" நீட்டிக்கொண்டு இருந்தால் பழைய மாடல் எனலாம். குதிரையை உள்ளே மறைத்த ஆன்சன்-டீலி அமைப்பு 1875-ல் வந்தது. ஆனால் குதிரை வைத்த துப்பாக்கிகளை அதற்குப் பிறகும் பல வருஷம் செய்தார்கள், எனவே இதை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது.

சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது குழலின் மேல் தெரியும் அலை அலையான கோலத்தை. இதற்கு டமாஸ்கஸ் என்று பெயர். பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலம் மூசையில் உருக்கிய எஃகிலேயே விளைந்தது. அப்படிப்பட்ட எஃகைக் காய்ச்சிய இடங்களில் சேலம் சீமையும் ஒன்று. கஞ்சமலை இரும்பின் பெருமையைக் கேட்டுத்தான் ஜோசையா ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலையே வைத்தார். துப்பாக்கிக் குழலின் கோலம் அந்த வகை அல்ல. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, கம்பி மேல் சுற்றி, அடித்து ஒட்டியது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

அழகுதான், ஆனால் ஆபத்தும் இதில்தான். இந்தக் குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக்காகச் செய்தவை. புகையில்லா மருந்துக்குச் சோதித்த 'என்.பி.' முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால், குழல் கிழிந்து பிடித்திருப்பவரின் இடது கை போகலாம். உள் அறையின் நீளமும் முக்கியம். பழையவை 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா பல 70. உள்ளே நுழைந்துவிடும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. (12 போர் என்பது அங்குலக் கணக்கு அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டின் அளவு, அதாவது சுமார் 18.5 மி.மீ.)

விலை? குழலைத் தொங்கவிட்டு விரலால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் நடுப் பட்டையின் பற்று விட்டிருக்கலாம். மூடிய பின் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளே துருக்குழி, வெளியே பாலிஷ் போட்டுத் தேய்ந்த செதுக்கல், ஒட்டுப்போட்ட கட்டை எல்லாமே விலையை இறக்கும். பர்மிங்காமின் சாதாரண துப்பாக்கி ஒன்று இங்கிலாந்து ஏலத்தில் சில நூறு பவுண்டுக்கே போகிறது. பர்டி, ஹாலண்ட் போன்ற பெயர்கள் உண்மையாக இருந்தால் மட்டுமே கணக்கு ஆயிரங்களுக்கு ஏறும்.

இந்தியாவில் கணக்கே வேறு. 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் சுமாரான சீமைத் துப்பாக்கிக்கும் இங்கே மவுசு கூடியது. ஆனால் வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. சுடவே முடியாத, பழுது பார்க்கவும் முடியாத பழம்பொருளுக்கு 1959 சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. அதையும் குடும்பம் தானாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. குழலில் உள்ள எண் லைசென்ஸில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், அதைத் தேய்த்து அழிப்பது குற்றம்.

லைசென்ஸ்தாரர் இறந்துபோனால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் முத்திரைகளையும் எண்ணையும் தெளிவாக போட்டோ எடுத்து, ரசீதில் "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதாமல் பட்டையில் உள்ள பெயரையும் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லி வாங்கிக்கொள்வது நல்லது.