ஐந்து நாளுக்குள் ஒரு முகவரி



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன வாரம் நெதர்லாந்திலிருந்து பேசினான். வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போயிருக்கிறான். "டீச்சர், வந்த அஞ்சு நாளைக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல வீட்டு அட்ரஸைப் பதியணுமாம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேக்கறாங்க. நாம எங்க குடியிருக்கோம்னு இவங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்றான். போனில் சொல்லி முடிக்கிற கதையல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்களுக்கு அங்கே இதுதான் விதி. பதிந்தால் ஒரு எண் தருவார்கள். சம்பளம், வரி, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் ஐந்து நாள் கெடு.

இது புதுப் பழக்கமல்ல. 1850 முதலே அங்கே ஊர்தோறும் மக்கள் பதிவேடு உண்டு. 1936-ல் வந்த உத்தரவுப்படி ஆளுக்கொரு அட்டை போட்டார்கள். பெயர், பிறந்த நாள், முகவரி, கூடவே மதம். யாருக்கும் கெடுதல் நினைத்து அந்த மதக் கட்டத்தை வைக்கவில்லை. வழக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

1940 மே மாதம் ஜெர்மனி அந்த நாட்டைப் பிடித்தது. அட்டைகள் அடுக்கி வைத்தபடி தயாராக இருந்தன. 1941 ஜனவரியில் யூதர்கள் எல்லோரும் தனியாகப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. பெரும்பாலோர் சட்டத்தை மதித்துப் போய்ப் பதிந்தார்கள். பதிவேட்டுத் துறைக்குத் தலைவராக இருந்த யாக்கோப் லென்ட்ஸ், போலி செய்யவே கடினமான அடையாள அட்டை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். வேலையில் அத்தனை நேர்த்தி. போருக்குப் பின் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

டைரி எழுதிய ஆன் ஃபிராங்கை உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பமும் ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிவந்ததுதான். 1942 ஜூலை 5-ம் தேதி, அக்கா மார்கோவை வேலை முகாமுக்கு வரச்சொல்லி வீட்டு முகவரிக்கே அழைப்பு வந்தது. அவளுக்கு வயது 16. மறுநாள் காலையிலேயே குடும்பம் தலைமறைவாகிவிட்டது. நெதர்லாந்திலிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறக்குறைய 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். இதற்குக் காரணங்கள் பல. அந்த ஒழுங்கான பதிவேடும் அதில் ஒன்று.

இதைப் புரிந்துகொண்ட சிலரும் அங்கே இருந்தார்கள். 1943 மார்ச் 27 இரவு, ஓவியர் வில்லெம் அரோண்டியஸ், சிற்பி கெரிட் வான் டெர் வீன் முதலியோர் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். காவலர்களைக் கொல்லவில்லை. மயக்க ஊசி போட்டுப் பக்கத்து மிருகக்காட்சி சாலைத் தோட்டத்தில் கிடத்தினார்கள். பிறகு அட்டைகளைத் தரையில் கொட்டித் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்தார்கள். வந்தபின், தீயில் தப்பிய அட்டைகளும் பாழாகும்படி தண்ணீரை அள்ளி இறைத்தார்கள். இத்தனைக்கும் அழிந்தது 15 சதவீதம் போலத்தான். அதற்காக அந்த ஜூலை 1-ம் தேதி 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரோண்டியஸும் அதில் ஒருவர். வான் டெர் வீனை அடுத்த ஆண்டு பிடித்துக் கொன்றார்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி என்று கட்டம் கட்டமாக நிரப்பியவள் நான். உங்களுக்கு உதவித்தொகை வாங்கித் தந்தது அந்தக் கட்டங்கள்தான். அதே கட்டங்கள் கெட்டவன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று பணியில் இருந்தவரை ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு இந்த வரலாற்றைப் படித்தபோதுதான் உறைத்தது.

இன்றைக்கு நெதர்லாந்துப் பதிவேட்டில் மதம் என்ற கட்டமே கிடையாது. முகவரியை மட்டும் இன்னும் கேட்கிறார்கள். மருத்துவமும் பள்ளிக்கூடமும் உன் வீடு தேடி வர அது தேவைதானே.

ஆகவே தம்பி, கெடு முடியும் முன் போய்ப் பதிந்துவிடு. பிள்ளைகளின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொள். எந்த ஊரிலானாலும் ஒரு படிவத்தில் புதிதாகக் கட்டம் ஒன்று முளைத்தால், "இது எதற்கு?" என்று கேட்கத் தயங்காதே. என்னிடம் கேட்ட மாதிரியே கேள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்