சக்கரம் மடங்கிய நாட்

ஜெட் விமான மாதிரியைச் சக்கரம் இறக்கித் தரையில் நிறுத்துவது எனக்கு ஒத்துவராது. விமானியை உட்காரவைத்துத் தாங்கியில் ஏற்றினால்தான் அது விமானம். பிரிட்டனின் ஏர்பிக்ஸ் மாதிரி நிறுவனம் பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே தாங்கியும் வைத்தது. இப்போது பெரும்பாலும் தனியாகத்தான் வாங்கவேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கே அங்கே வளர்ந்ததுதான். 1936இல் ஃபிராக் (Frog) நிறுவனம் 1/72 அளவில், அதாவது ஆறடிக்கு ஓர் அங்குலமாக, பிளாஸ்டிக் விமானங்களை விற்றது. அவற்றின் செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக் நாளடைவில் கோணிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்தது. 1950களில் வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்குப் பிளாஸ்டிக் பையில் மாதிரிகள் கிடைத்தன.

எனக்குப் பிடித்தது ஃபாலண்ட் நாட் (Folland Gnat) என்ற சிறிய ஜெட் போர் விமானம். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பறந்தது, பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலும் உருவானது. 1/72இல் ஐந்து அங்குலம்கூட வராது. அசல் நாட்டில் சக்கர மூடிகளே வேகத்தடையாகவும் வேலை செய்தன. மாதிரியில் அவற்றை மூடுவதுதான் பெரும்பாடு: திறந்து ஒட்டும்படி வார்த்திருப்பார்கள், அரம் போட்டு, புட்டி பூசி, இழைக்கவேண்டும். வெள்ளிப் பூச்சு ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். அதனால் முதலில் பளபளப்பான கறுப்பு, அது நன்றாகக் காய்ந்தபின் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய வெள்ளி. இந்திய விமானப்படையின் மூவண்ண வட்ட ஒட்டுப்படங்களை நீரில் ஊறவைத்துக் கடைசியில் ஒட்டுவேன்.