இரு விதைகளும் ஒரு மீன் சட்டியும்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கும் செடிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று அபினிச் செடி, மற்றது கஞ்சாச் செடி. அறுவடைக்குப் பின் அபினிச் செடியில் எஞ்சும் பாகங்களை அச்சட்டம் வரையறுக்கும்போது ‘விதை நீங்கலாக’ என்கிறது. கஞ்சாவை வரையறுக்கும்போது பூக்கும், காய்க்கும் நுனிகளைக் குறித்துவிட்டு, நுனியோடு சேராத விதையையும் இலையையும் விலக்கி வைக்கிறது. ஒரே சட்டத்தில், ஒரே பிரிவில், இரண்டு விதைகளுக்கும் விடுதலை. முதல் விதை கசகசா என்ற பெயரில் நம் மளிகைப் பட்டியலில் ஏறிப் பல தலைமுறை ஆயிற்று. இரண்டாவது விதையைத் தமிழ்ச் சமையலறை கண்டதே இல்லை. இரண்டையும் ஒரு மீன் சட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன?

சட்டி அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கட்டும். சென்னையின் மேற்குப் புறநகரில் கடல் மீனும் ஏரி மீனும் ஒரே தெருவில் விலைபோகின்றன. காசிமேட்டிலிருந்து வரும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் ஒரு கூடையில் இருந்தால், செம்பரம்பாக்கம் பக்கத்து ஜிலேபியும் விராலும் அடுத்த கூடையில் இருக்கும். தேங்காயோடு ஒரு கரண்டி கசகசாவும் அரைத்துவிட்டுக் குழம்பைக் கெட்டியாக்கும் வீடுகள் இங்கே உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலையும் விமானப் படைத் தளமும் இருப்பதால் ஆவடி பல மாநிலத்தார் குடியிருக்கும் ஊர். வங்காளிக் குடும்பம் ரோகு மீனைக் கசகசா விழுதில் வேகவைத்தால் அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கஞ்சா என்ற பெயருக்கோ இதே ஊர்களில் வேறு முகம். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வரும் பொட்டலங்களைப் பற்றிய செய்தியோடுதான் அச்சொல் இங்கே காதில் விழுகிறது. அண்மை ஆண்டுகளில் ‘கஞ்சா சாக்லேட்’ பிடிபட்ட செய்திகளும் சேர்ந்துகொண்டன. உண்ணும் கஞ்சா என்றதும் மேற்குப் புறநகர்க்காரர் நினைவுக்கு வருவது அந்த மலிவான உறைதான். விதை அவர் நினைவிலேயே இல்லை. கசகசாவுக்கு மூலச் செடியின் பெயர் ஒட்டவில்லை, கஞ்சா விதைக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்று அஞ்சறைப் பெட்டிக்குள் வரவும் மற்றது வாசலில் நிற்கவும் இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

பிறப்பிடத்தில் இரண்டும் நமக்கு அந்நியமே. கசகசா மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானின் சித்தோர்கர் பகுதிகளில் மத்திய அரசின் உரிமத்தோடு விளைகிறது. காயைக் கீறி வடித்த பாலை உழவர் அரசுக்கு எடைபோட்டுக் கொடுத்தாக வேண்டும். காய்க்குள் இருக்கும் விதை அவருடையது. கஞ்சா விதை குமாவுன் மலைகளின் பழைய உணவு. அங்கே தண்டின் நார் கயிறாகும், விதை அடுப்பங்கரைக்கு வரும். தொழில்முறைச் சாகுபடிக்கு உரிமம் வழங்குவதில் உத்தராகண்ட் 2018-இல் முன்னே நின்றது. முன்னதில் பாலுக்காக வளர்த்த செடியின் மிச்சம் விதை. பின்னதில் நாருக்காக வளர்த்த செடியின் மிச்சம் விதை. இரண்டுமே உபரியாகக் கிடைத்து, உணவாகிப் போனவை.

அந்தப் பாலும், கஞ்சாச் செடியின் போதைப் பிசினும் விதைக்குள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு வருவோம். ஒப்பீட்டில் என்னை மிகவும் மகிழ்வித்த இடம் இது. அபினியின் போதைப் பொருளான மார்பின் கசகசாவுக்குள் உண்டாவதில்லை. பால் ஊறுவது காயின் ஓட்டில். கீறும்போதும் உடைக்கும்போதும் அந்தப் பால் விதையின் மேல் படுகிறது. கஞ்சா விதைக்குள்ளும் டி.எச்.சி. என்னும் போதைப் பொருள் சொல்லும்படியாக உண்டாவதில்லை. பிசின் சுரப்பது விதையைப் போர்த்தியிருக்கும் சிறு செதிலின் மேல். அறுவடையின்போது அது விதைத்தோலில் ஒட்டுகிறது. ஆக, உலகின் மிகப் புகழ்பெற்ற இரு போதைச் செடிகளின் விதைகளிலும் போதை என்பது வெளியிலிருந்து பட்ட கறை.

கறையை நீக்கும் வழியில்தான் இரண்டும் பிரிகின்றன. மார்பின் நீரோடு போகக்கூடியது. கசகசாவை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி கழிகிறது. அரைத்தலும் சூடும் சேரும்போது இன்னும் குறைகிறது. டி.எச்.சி. நீரை மதிக்காது, கொழுப்பை நாடும். கஞ்சா விதையைக் கழுவுவது போதாது, நன்றாகத் தூற்றிச் சுத்தம் செய்து தோலையும் நீக்கினால்தான் கறை அகலும். நெருப்பின் வேலையும் நேர்மாறு. பச்சைக் கஞ்சாவில் இருக்கும் அமிலம் சூடு பட்ட பிறகே டி.எச்.சி. ஆகிறது. ஒரே அடுப்பு ஒன்றைத் தணிக்கிறது, மற்றதைத் தட்டி எழுப்புகிறது.

கறை கற்பனையல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. கசகசா தூவிய ரொட்டி தின்றவரின் சிறுநீரில் மார்பின் தென்படுவதால், அமெரிக்க மத்திய அரசு சோதனை வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தியது. 2023 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, படைவீரர்கள் கசகசாவைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் கசகசாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கஞ்சா விதைக்கு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் விதித்த வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி.; அதன் எண்ணெய்க்கு 10. அந்த அறிவிப்பால் விதையும் அதன் மாவும் எண்ணெயும் இந்தியாவில் முறையான உணவாயின.

இனி சட்டிக்குள். இரண்டையும் கையாளும் முறை உடன்பிறப்புகளுக்குரியது. வறுக்கலாம், அரைக்கலாம், பிழிந்து வெண்பாலும் எடுக்கலாம். வங்காளிகள் கசகசா விழுதை மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் போர்வையாக்குகிறார்கள். குமாவுன்காரர்கள் கஞ்சா விதையை வறுத்துப் புதினாவும் எலுமிச்சையும் சேர்த்துச் சட்னி அரைக்கிறார்கள், அரைத்து வடித்த பாலைச் சேப்பங்கிழங்குக் கறியில் ஊற்றுகிறார்கள். கசகசா நீரில் ஊறினால் மசியும், வடிகட்ட வேண்டியதில்லை. கஞ்சா விதையின் ஓடு நெறுநெறுக்கும், அதனால் வடிகட்டி இல்லாமல் முடியாது.

கொழுப்பில் வருவது எதிர்பாராத உறவு. கசகசா எண்ணெயில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு ஒமேகா-6 கொழுப்பமிலம், ஒமேகா-3 பெயரளவுக்குத்தான். கஞ்சா விதை எண்ணெயிலோ ஒமேகா-6 மூன்று பங்கு என்றால் ஒமேகா-3 ஒரு பங்கு. மத்தியையும் கானாங்கெளுத்தியையும் நாம் எதற்காகப் போற்றுகிறோமோ, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சத்து நிலத்துச் செடி ஒன்றில் கிடைக்கிறது. ஆனால் மீனில் இருக்கும் வடிவம் வேறு, விதையில் இருக்கும் வடிவம் வேறு. விதையின் ஒமேகா-3-இல் சிறு பகுதியையே நம் உடல் மீனின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. எனவே மீனுக்கு மாற்றாகாது, மீனுக்குத் துணையாகும். கசகசாவின் பெருமை வேறு இடத்தில்: நூறு கிராமில் 1,400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். மீனுக்கும் கஞ்சா விதைக்கும் தட்டுக்கு வெளியிலும் பழக்கம் உண்டு. இங்கிலாந்தில் தூண்டில் போடுவோர் வேகவைத்த கஞ்சா விதையை நெடுங்காலமாக இரையாக வீசுகிறார்கள்.

விதைக்குப் பதில் பூவையோ இலையையோ மீன் குழம்பில் இட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாய்லாந்தின் பிராச்சின்புரியில் ஒரு மருத்துவமனை உணவகம் 2021-இல் கஞ்சா இலைப் பண்டங்களையே பரிமாறியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சமையலின் கண்ணோட்டத்திலேயே நான் இதை மறுக்கிறேன். புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, உண்டால் அரைமணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டும், கல்லீரல் டி.எச்.சி.யை இன்னும் வலுவான பொருளாக மாற்றும். மயக்கம் பல மணி நேரம் நீளும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது முறை போட்டுக்கொள்பவரே மாட்டிக்கொள்கிறார். மீன் குழம்போ இரண்டாவது முறை போட்டுக்கொள்வதற்கென்றே பிறந்த பண்டம். டி.எச்.சி. மேலே மிதக்கும் நல்லெண்ணெயில் போய்த் தங்கும். எந்தக் கரண்டியில் எவ்வளவு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் காலை அதே சட்டியிலிருந்து பிள்ளைகளுக்கு இட்லியோடு ஊற்றுவோம். அளவு அறிய முடியாத பொருளைப் பொதுச் சட்டியில் கலப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எல்லை தாண்டினால் இரு விதைகளும் இடம் மாறிக்கொள்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் மசாலா கட்டி வைக்கும் அம்மாவிடம், கசகசா மட்டும் வேண்டாம் என்று பயண முகவரே சொல்லி அனுப்புகிறார். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. டொராண்டோவில் இருக்கும் மகளோ தோல் நீக்கிய கஞ்சா விதையைப் பல்பொருள் அங்காடியில் சத்துணவு அடுக்கிலிருந்து எடுத்து வருகிறாள். ஆவடியில் ஐயத்துக்குரியது அங்கே ஆரோக்கியம்; ஆவடியில் அன்றாடம் எனப்படுவது வளைகுடா விமான நிலையத்தில் குற்றம். ஆனாலும் நம் ஊரில் ஓர் ஒற்றுமை குலையாமல் நிற்கிறது. இரண்டையும் தின்னலாம், இரண்டையும் விதைக்கக் கூடாது. உரிமமின்றி எதை முளைக்கவிட்டாலும் குற்றம். கஞ்சாச் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல்.

என் தீர்ப்பு கஞ்சா விதைக்குச் சற்றுச் சாதகமானது. கசகசா கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், கெட்டித் தன்மைக்கு இன்னொரு விதையைத் தேடுவதில் பொருள் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் உள்ள உறையில், தோல் நீக்கி வருவதையே வாங்க வேண்டும். செதிலும் இலைத்தூளும் கலந்து உதிரியாக விற்கப்படும் மலை விதை வேண்டாம். ஜிலேபி போன்ற ஏரி மீனுக்கு அதன் கொட்டைமணம் பொருந்தும் என்று நினைக்கிறேன், சேற்று வாடையை அது அடக்கும். புளிப்பும் காரமும் ஓங்கிய வஞ்சிரக் குழம்பில் கசகசாவே இருக்கட்டும். ஒமேகா-3 நீண்ட கொதிப்பைத் தாங்காது. ஆதலால் கசகசா விழுதைச் சேர்க்கும் அதே இடத்தில், மீன் வெந்து அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில், தேங்காய்ப் பாலோடு அரைத்த கஞ்சா விதையையும் ஊற்றி ஒரு கொதியில் இறக்கிவிடலாம்.