வில் கொடுத்தவர்

காரமடையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வடக்கே நீலகிரி தெரியும். மாசித் தேருக்கு வந்திருந்த மாமா ஒருவரிடம், அந்த மலையிலுள்ள தோடர்களைப் பற்றி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒரே மனைவி என்பது அவர்களுடைய பழைய குடும்ப முறை என்றதும், அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அப்ப அந்தப் பசங்களுக்கு இனிஷியல் எதுங்க?" என்றார்.

திண்ணையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அசட்டுக் கேள்வி அல்ல அது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901-ல் மலைக்குப் போய் ஆராய்ந்த விஷயங்களில் அதுவும் ஒன்று. அப்போது தோடர்கள் மொத்தமே சுமார் 800 பேர். குடும்பம் குடும்பமாக வம்சாவளி கேட்டு எழுதி, 1906-ல் பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

அதில் விடை இருக்கிறது. மனைவிக்கு ஏழாம் மாதம் ஆகும்போது, சகோதரர்களில் ஒருவர், பெரும்பாலும் மூத்தவர், செடிக் குச்சியால் வில்லும் புல்லால் அம்பும் செய்து அவளிடம் கொடுப்பார். மரத்தில் குடைந்த மாடத்தில் ஒரு விளக்கு எரியும். அவள் வில்லை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அந்தச் சுடரையே பார்த்திருப்பாள். வில் கொடுத்தவர்தான் தகப்பனார். அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும், இன்னொருவர் வில் கொடுக்கும் வரையில், அவரேதான். அவர் இறந்துபோன பிறகு பிறந்தாலும் சரி. வேறொருவர் கொடுக்காதவரை, பிள்ளை அந்த இறந்த மனிதருடையதே. வில் இல்லாமல் பிள்ளை பிறப்பது தீராத அவமானம். ஆகவே யாராவது ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும்.

அவர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெண் சிசுவைக் கொல்லும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பெண்கள் குறைந்து போனதற்கு அது ஒரு காரணம். அதற்காக நாம் மூக்கில் விரல் வைக்கவும் முடியாது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலிலாவது போடுங்கள் என்று 1992-ல் சேலத்தில் தொட்டில் வைக்க வேண்டியிருந்ததே, அது நம்முடைய சமவெளியில்தான்.

எனக்கு ஞாபகம் வருவது வேறு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பெயருக்கு முன்னால் எழுத்து கிடையாது. "அப்பன் பேர் என்னடா?" என்று வாத்தியார் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுவாரம் அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவன் தாய்க்கு இந்த ஊரில் யாரும் ஒரு குச்சியை வளைத்துக் கொடுக்கவில்லை.

சகோதரர்களுக்கு ஒரே மனைவி என்ற முறை தோடர்களிடம் மறைந்துவிட்டது. வில் கொடுக்கும் சடங்கு மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது கணவனே கொடுக்கிறான்.

அன்று மாமாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: வில் கொடுத்தவர் பேருங்க, மாமா.